யாரும் ஊற்றாத நஞ்சு

கொடைக்கானலிலிருந்து கூடை கூடையாக வருமே சிவப்புப் பிளம் பழம், அதைத் தின்றுவிட்டுக் கொட்டையைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். உள்ளே வெளிர்நிறத்தில் ஒரு சிறு பருப்பு இருக்கும். அதை நசுக்கி முகர்ந்தால் பாதாம் வாசனை வரும். நாக்கில் மட்டும் வைக்க வேண்டாம். அந்தப் பருப்பில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. பருப்பு முழுதாக இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். நசுங்கிய மறுகணம், அதே பருப்பில் வேறு அறையில் இருக்கும் நொதி அதனோடு கலந்து அதை உடைத்துவிடும். உடைந்ததில் ஒரு பங்கு பாதாம் மணம் தரும் பென்சால்டிஹைடு. இன்னொரு பங்கு ஹைட்ரஜன் சயனைடு. விதையைக் கடிக்க வருகிற வாய்க்கு மரம் வைத்திருக்கும் காவல் இது.

ஜெர்மனியின் தென்மேற்கே பிளாக் ஃபாரஸ்ட் என்ற மலைக்காட்டுப் பகுதி இருக்கிறது. நம் ஊர் பேக்கரிகளில் அந்தப் பெயரில் கேக் விற்கிறார்கள். அங்கே செய்யும் அசல் கேக்கில் கிர்ஷ் என்னும் செர்ரிச் சாராயம் சேரும். செர்ரிப் பழங்களைத் தொட்டியில் கொட்டிப் புளிக்கவிட்டு, அந்த ஊறலைச் செம்பு வடிகலனில் காய்ச்சி இறக்குவது தலைமுறை தலைமுறையாக அங்கே நடக்கும் குடும்பத் தொழில். கொட்டையோடு புளிக்கவிட்டால்தான் அந்தப் பாதாம் மணம் வரும். ஆனால் சில கொட்டைகள் உடையும். உடைந்தால் சயனைடு ஊறலில் இறங்கும். சயனைடு மிக எளிதில் ஆவியாவது. வடிகலனைச் சூடேற்றினால் சாராய ஆவியோடு சேர்ந்து அதுவும் மேலேறிக் குளிர்ந்து பாத்திரத்தில் விழும். செம்பு பட்டால் அது சயனேட்டாக மாறும். சயனேட்டும் எத்தனாலும் சேர்ந்தால் எத்தில் கார்பமேட்.

இந்தக் கட்டுரை அந்தப் பொருளைப் பற்றியது. அதன் கொதிநிலை சுமார் 185 டிகிரி என்பதால், ஊறலிலேயே முன்பு உண்டானது பெரும்பாலும் வடிகலனின் அடியில் தங்கிவிடும். குடிப்பவரின் கோப்பையில் இருப்பது வடித்து முடித்த பிறகு பிறந்தது. தெளிந்த கண்ணாடிப் புட்டியில் அடைத்து வெயில் விழும் சன்னலோரம் வைத்தால் உள்ளே உற்பத்தி தொடர்ந்து நடக்கும். ஒளி அந்த வினையைத் தூண்டுகிறது. மூடி திறக்கவில்லை, ஒருவரும் ஒன்றும் கலக்கவில்லை, ஆனாலும் புட்டிக்குள் புற்றுநோய்க்காரணி கூடிக்கொண்டே போகும்.

கலப்படம் என்றால் நமக்கு ஒரு குற்றவாளி வேண்டும். பாலில் தண்ணீர் ஊற்றியவன், மிளகில் பப்பாளி விதை கலந்தவன் என்று யாரையாவது சுட்டிக்காட்டிப் பழகிவிட்டோம். எத்தில் கார்பமேட் விஷயத்தில் அப்படிச் சுட்ட ஆளில்லை. தடை போட்டு நிறுத்தவும் முடியாது; புளித்தல் இருக்கும் இடத்தில் அது தானாக வரும். அப்படியானால் சட்டம் எதைக் கட்டுப்படுத்துவது? கடந்த 40 ஆண்டுகளாகப் பல நாடுகள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வந்திருக்கின்றன.

யூரேத்தேன் என்பது இதன் பழைய பெயர். மெத்தைக்கும் சோபாவுக்கும் போடும் பாலியூரேத்தேன் நுரைக்கும் இதற்கும் பெயரில்தான் உறவு. அந்த நுரையை யூரேத்தேனிலிருந்து செய்வதில்லை. யூரேத்தேன் வெண்படிகமாக இருக்கும், தண்ணீரில் எளிதில் கரையும். ஆய்வகங்களில் எலிகளை மயக்கப் பயன்பட்டது. அமெரிக்காவில் நெட்டில்ஷிப், ஹென்ஷா இருவரும் சகாக்களோடு 1943 இல் வெளியிட்ட ஆய்வு, இந்த மயக்க மருந்து பெற்ற எலிகளின் நுரையீரலில் கட்டிகள் வளர்வதைக் காட்டியது. அப்போதே அபாயச் சங்கு ஊதியாயிற்று. ஆனால் மனிதர்களுக்கு இதைக் கொடுப்பது நிற்கவில்லை. 1946 இல் பிரிட்டனில் ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு இதை மருந்தாகக் கொடுத்தார்கள். வெள்ளணுக்கள் குறைந்ததைப் பார்த்து நம்பிக்கை பிறந்தது. எலும்பு மஜ்ஜைப் புற்றான மைலோமாவுக்கும் கொடுத்தார்கள். அமெரிக்காவில் ஒரு சோதனையில் மைலோமா நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு யூரேத்தேனும், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத, செர்ரியும் கோலாவும் மணக்கும் சர்க்கரைப் பாகும் தந்து ஒப்பிட்டார்கள். 1966 இல் முடிவு வந்தது. பாகு குடித்தவர்களைவிட யூரேத்தேன் பெற்றவர்கள் முன்னதாக இறந்திருந்தார்கள்.

ஜப்பானில் நடந்தது இன்னும் பெரிது. தண்ணீரில் கரையாத வலிநிவாரணி மருந்துகளைக் கரைப்பதற்காக ஊசி மருந்தில் யூரேத்தேன் சேர்த்தார்கள். 1950 முதல் 1975 வரை இது நீடித்தது. அறுவை சிகிச்சை முடிந்து வலியில் கிடந்தவர்களுக்குப் போட்ட அந்த 2 மில்லி ஆம்பூல்கள் 10 கோடி இருக்கும் என்பது பின்னாளில் போட்ட மதிப்பீடு. எலிகளைப் பற்றிய ஆய்வு அச்சில் வந்து 32 ஆண்டுகள் ஆன பிறகுதான் அது நின்றது. இந்த 32 என்ற எண்ணை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

உணவுக்குள் இது இருக்கிறது என்ற செய்தி வேறு வழியாக வந்தது. பானங்கள் கெடாமலிருக்க டைஎத்தில் பைரோகார்பனேட் என்ற பதப்படுத்தியைச் சேர்ப்பது அப்போது வழக்கம். பானத்தில் இயல்பாக உள்ள அம்மோனியாவோடு அது சேர்ந்தால் யூரேத்தேன் உண்டாகிறது என்று ஸ்வீடனைச் சேர்ந்த லோஃப்ரோத், ஜெய்வால் இருவரும் 1971 இல் எழுதினார்கள். மறுவருடமே அமெரிக்கா அந்தப் பதப்படுத்தியைத் தடை செய்தது. இங்கே குற்றவாளி இருந்தது, தடையும் வேலை செய்தது. கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் மது வேதியியலாளர் கார்னீலியஸ் ஓ 1976 இல் ஒரு முடிவை வெளியிட்டார். பதப்படுத்தி எதுவுமே சேர்க்காத திராட்சை மதுவிலும், புளிக்கவைத்த வேறு உணவுகளிலும் அதே பொருள் இயற்கையாகவே இருந்தது.

அதற்கும் ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் ஓர் அரசு அசைந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் மதுவை வாங்கி விற்பது மாநில அரசின் மதுபான வாரியம். நம் டாஸ்மாக்கை நினைத்துக்கொள்ளலாம். அந்த வாரியத்துக்குச் சொந்த ஆய்வகம் உண்டு. 1985 இல் அங்கே சோதித்த மதுவகைகள் சிலவற்றில் எத்தில் கார்பமேட் எதிர்பாராத அளவில் இருந்தது. வாரியம் அவற்றை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டது. மாநிலம் முழுமைக்கும் பெரிய கொள்முதல்காரர் ஒருவர், அவர் கையில் ஒரு சோதனைக்கூடம். இவ்வளவு போதும், உலகச் சந்தையையே திரும்பிப் பார்க்க வைக்கலாம். அதே ஆண்டில் கனடா உச்சவரம்புகளை வகுத்தது. லிட்டருக்குச் சாதாரண ஒயினில் 30 மைக்ரோகிராம், சாராயம் சேர்த்து வலுவூட்டிய ஒயினில் 100, வடித்த மதுவில் 150, ஜப்பானிய சாக்கேயில் 200, பழச் சாராயத்தில் 400. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இந்த எண்கள் ஏன் மதுவுக்கு மது மாறுகின்றன? நஞ்சின் வலிமை எல்லாவற்றிலும் ஒன்றுதானே? மாறுவது நஞ்சு இல்லை, தயாரிப்பு முறை. ஒயினை எடுத்துக்கொள்வோம். திராட்சைச் சாற்றில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. ஈஸ்ட் அதைத் தின்று நைட்ரஜனை எடுத்துக்கொண்டு, மிஞ்சும் யூரியாவை வெளியே துப்பும். சாற்றில் நைட்ரஜன் குறைந்து பசியெடுத்தால் துப்பிய யூரியாவையே பிற்பாடு திரும்ப எடுத்துக்கொள்ளும். துப்பியதற்கும் திரும்ப எடுப்பதற்கும் நடுவில் யூரியா உச்சத்தில் நிற்கும் ஒரு கட்டம் வரும். போர்ட் போன்ற இனிப்பு ஒயின்களில் அந்த மாதிரிப் பாதியிலேயே சாராயத்தை ஊற்றி ஈஸ்டைக் கொன்றுவிடுகிறார்கள். யூரியா அப்படியே மதுவில் நின்றுவிடுகிறது. பிறகு அது எத்தனாலோடு மெல்ல மெல்லச் சேரும். சூடு கூடக் கூட வேகமும் கூடும். சாக்கேயைக் கிருமி நீக்கச் சூடாக்குவார்கள், அதனால் அதில் கூடுதல்.

ஆகவே, இதைக் குறைக்க நினைத்தவர்கள் புட்டியிலிருந்து பின்னோக்கி நடந்து திராட்சைத் தோட்டம் வரை போக வேண்டியிருந்தது. கொடிக்கு நைட்ரஜன் உரத்தை அள்ளிப் போட்டால் பழத்தில் ஆர்ஜினின் ஏறும், உரத்தைக் குறை. ஈஸ்டுக்குத் தீனியாக யூரியா போடும் பழக்கத்தை நிறுத்து. யூரியாவைக் குறைவாகத் துப்பும் ஈஸ்ட் ரகத்தைத் தேர்ந்தெடு. மதுவைக் குளிர்ச்சியாக வை, சுட்டெரிக்கும் கன்டெய்னரில் கடல் கடந்து அனுப்பாதே. ஜப்பானியர் யூரியாவை உடைக்கும் நொதியைச் சாக்கேயில் சேர்த்தார்கள். அமிலத்திலும் வேலை செய்யும் அந்த நொதி பின்னர் ஒயினுக்கும் வந்தது. துப்பிய யூரியாவை விடாமல் உண்டுவிடும்படி மரபணு திருத்திய ஈஸ்டைக் கனடாவில் வான் வூரன் குழு உருவாக்கியது. அமெரிக்காவில் சட்ட வரம்பு வைக்காமல், 1988 இல் ஒயின் உற்பத்தியாளர்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள்: சாதாரண ஒயினில் சராசரி 15 மைக்ரோகிராம், இனிப்பு ஒயினில் 60. அடுத்த ஆண்டிலிருந்து காய்ச்சும் விஸ்கிக்கு 125.

விஸ்கியில் மறுபடியும் சயனைடு வழி. முளைகட்டிய பார்லியின் குருத்தில் எபிஹெட்டரோடெண்ட்ரின் என்ற பொருள் இருக்கிறது, பிளம் பருப்பின் அமிக்டலினுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அதிலிருந்து சயனைடு, வடிகலனின் செம்பு, பிறகு அதே முடிவு. ஸ்காட்லாந்தில் இதற்குக் கண்ட தீர்வை நான் மிகவும் மதிக்கிறேன். அந்தப் பொருளே உண்டாகாத பார்லி ரகங்களைக் கலப்பினம் செய்து உருவாக்கிவிட்டார்கள். நஞ்சை விதையிலேயே நிறுத்திய வேலை அது. பிரேசிலின் மாரன்யாவ் மாநிலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து டிக்கிரா என்ற சாராயம் வடிக்கிறார்கள். கசப்பு மரவள்ளியை ஊறவைத்துத் தண்ணீரை ஏன் கொட்ட வேண்டும் என்று சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்களிடம் சொல்லத் தேவையில்லை. அதே சயனைடு டிக்கிராவிலும் எத்தில் கார்பமேட்டாக மாறி நிற்கிறது. அளந்தவர்கள் மிகுதியாகவே கண்டிருக்கிறார்கள்.

உடம்புக்குள் போன பின் என்ன ஆகிறது? 100 பங்கில் 90க்கு மேல் கல்லீரல் உடைத்து எத்தனால், அம்மோனியா, கரியமில வாயு என்று வெளியேற்றிவிடுகிறது. மிகச் சிறு பங்கை மட்டும் சிஒய்பி2ஈ1 என்ற நொதி வினைல் கார்பமேட்டாகவும், அடுத்து எபாக்சைடாகவும் மாற்றுகிறது. இந்த எபாக்சைடு டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டு அதன் எழுத்துகளைக் கெடுக்கும். எலியிடம் நடப்பதும் மனிதரிடம் நடப்பதும் இந்த இடத்தில் ஒன்றே. மனிதர்களிடம் நேரடிச் சான்று போதாது. ஆனாலும் லியோன் நகரிலுள்ள உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2007 இல் இதை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்னும் 2ஏ பிரிவுக்கு உயர்த்தியதற்கு இந்த ஒற்றுமையே காரணம். தினமும் குடிப்பவர்களின் கல்லீரலில் அந்த நொதி கூடுதலாகச் சுரக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி, எவ்வளவு பயப்படலாம் என்ற கேள்வி. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டாக நடத்தும் நிபுணர் குழு 2005 இல் இதைக் கணக்கிட்டது. விலங்குகளில் கட்டிகள் தெளிவாகக் கூடத் தொடங்கும் அளவுக்கு அடையாளமாக, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.3 மில்லிகிராம் என்ற புள்ளியை வைத்துக்கொண்டார்கள். மனிதர் உட்கொள்வது அந்தப் புள்ளியிலிருந்து எத்தனை மடங்கு கீழே இருக்கிறது என்பதுதான் பாதுகாப்பு இடைவெளி. இத்தகைய பொருள்களுக்கு இந்த இடைவெளி 10,000 மடங்குக்கு மேல் இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் அளவுகோல்.

ரொட்டி, தயிர், சோயா சாஸ் போன்ற உணவுகள் மூலம் மட்டும் வருவதற்கு இடைவெளி 20,000 மடங்கு. ரொட்டியைக் கருகக் கருக வாட்டினால் இந்தப் பொருள் கூடும் என்பது உண்மை. ஆனால் அளவு மிகச் சொற்பம். காலையில் டோஸ்ட் சாப்பிடுபவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். மதுவையும் சேர்த்தால் இடைவெளி 3,800 ஆகச் சுருங்குகிறது. 60 கிலோ எடையுள்ளவர் உட்கொள்ளும் அளவாகச் சொன்னால் இது நாளுக்கு 5 மைக்ரோகிராமுக்கும் குறைவு. உப்பு மணி ஒன்றின் எடை இதைவிடப் பல மடங்கு.

கிர்ஷ் பக்கம் போனால் நிலைமை வேறு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2007 இல் திரட்டிய அளவீடுகளில் பழச் சாராயத்தின் நடு மதிப்பு லிட்டருக்கு 260 மைக்ரோகிராம், உச்சம் 22,000. வழக்கமாக அதைக் குடிப்பவர்களுக்கு இடைவெளி 600தான். ஐரோப்பிய ஒன்றியம் 2010 இல் ஒரு பரிந்துரை வெளியிட்டது. கொட்டைகளை நீக்கு, அல்லது உடையாமல் பார்த்துக்கொள். சயனைடைச் செம்பு உப்பால் பிடித்துவிட்டு வடி. வடிகலனைச் சுத்தமாக வை. புட்டியை ஒளி படாமல் வை என்பன அதிலுள்ள வழிமுறைகளின் சாரம். அதோடு லிட்டருக்கு 1,000 மைக்ரோகிராம் என்று ஓர் இலக்கும் வைத்தது. கனடாவின் வரம்பைப்போல் இரண்டரை மடங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த இலக்கைச் சரியாகத் தொட்டு நிற்கும் சாராயத்தில் தினம் 20 மில்லி குடித்தால் 20 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு இடைவெளி 900. பத்தாயிரத்துக்குப் பக்கத்திலேயே இல்லை. சிறு தயாரிப்பாளரால் எட்ட முடிகிற எண் எதுவோ அதுவே இலக்காயிற்று, குடிப்பவருக்கு எது பத்திரம் என்பது இரண்டாம் பட்சமாயிற்று என்று நான் புரிந்துகொள்கிறேன். இதை நான் முழுதாகக் குறை சொல்லவில்லை. எட்ட முடியாத வரம்பு வைத்தால் யாரும் அளக்கவே மாட்டார்கள். ஆனால் ‘இலக்குக்குள் இருக்கிறது’ என்றால் ‘பாதுகாப்பானது’ என்று பொருள் கொள்ளக் கூடாது.

பிளாக் ஃபாரஸ்ட் சாராயங்களை ஆண்டுக்கணக்கில் அளந்து வந்தது கார்ல்ஸ்ரூ நகரின் அரசு ஆய்வகம். அங்கே பணிபுரியும் வேதியியலாளர் டிர்க் லாகன்மையர், சகாக்களோடு 2012 இல் இன்னொரு வேலை செய்தார். மதுவில் காணப்படும் புற்றுநோய்க்காரணிகள் எல்லாவற்றையும் இதே இடைவெளி அளவுகோலால் வரிசையாக அளந்தார். ஈயம், ஆர்செனிக், எத்தில் கார்பமேட் என்று பட்டியல் நீண்டது. எல்லாவற்றையும்விட மிகக் குறுகலான இடைவெளி எதற்கு என்றால், எத்தனாலுக்கு. மதுவை மதுவாக்கும் அந்தப் பொருளுக்கே இடைவெளி ஒற்றை இலக்கத்தில் இருந்தது.

நம்மிடம் கரும்பு மொலாசஸிலிருந்து பலமுறை சுத்திகரித்து எடுக்கும் சாராயத்தில் எத்தில் கார்பமேட் பொதுவாகக் குறைவு. அதைக் கேட்டு யாரும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். லியோன் முகமை மதுவைப் புற்றுநோய்க்காரணி என்று முதல் பிரிவில் சேர்த்தது 1988 இல். வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல் என்று தொடங்கிய பட்டியலில் பெருங்குடலும் பெண்களின் மார்பகமும் பிறகு சேர்ந்தன. நம் புட்டிகளில் ‘உடல்நலத்துக்குக் கேடு’ என்று இருக்கிறது, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்று இருக்கிறது. புற்றுநோய் என்ற சொல் அந்த எச்சரிக்கையில் இல்லை. அயர்லாந்து 2023 இல் அந்தச் சொல்லைப் புட்டியில் அச்சிடச் சட்டம் போட்டது. 2026 இல் நடைமுறைக்கு வரவேண்டியதை 2028க்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். நம் அரசு யாருக்காகவும் காத்திருக்காமல் அந்தச் சொல்லை அச்சிட வேண்டும். சிகரெட் பெட்டியில் அச்சிட முடிந்த நாட்டுக்கு இது முடியாததல்ல.

எத்தில் கார்பமேட்டை 2ஏ பிரிவில் வைத்த லியோன் கூட்டம், அதே அமர்வில் மதுபானத்திலுள்ள எத்தனாலை முதல் பிரிவில் வைத்தது. இரண்டு தீர்ப்புகளும் 2010 இல் ஒரே புத்தகமாக, 96ஆம் தொகுதியாக வெளிவந்தன. அட்டையில் இரண்டின் பெயரும் இருக்கின்றன; மது அருந்துதல் முதலில், எத்தில் கார்பமேட் அடுத்து.